அடியில் ஒரு சின்னக் கோடு

பஸ் ஸ்டாண்ட் எதிரே ஜெராக்ஸ் கடையில்
நாற்பது ரூபாய்க்கு ஸ்பைரல் போட்ட நோட்ஸ்.
அதில் பதினொன்றாம் பக்கம், தேற்றம் நான்கில்
'சிறியது' குறிக்கு அடியில் விழவேண்டிய
சமக்கோடு விழவில்லை.
மெஷின் விழுங்கியதோ, எழுதியவன் விட்டதோ.
முப்பத்தொரு பேரும் அப்படியே மனப்பாடம் செய்தோம்.

பேப்பர் கொடுத்த அன்று
ஜெய்புன்னிசா மேடம் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை.
"முப்பத்தொரு பேருக்கும் ஒரே ராத்திரி
ஒரே இடத்துல கண்ணு மங்கிடுச்சா?"
எட்டுக்குச் சைபர். எல்லோருக்கும்.

போர்டில் ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால்
என்று கை வலிக்க எழுதிக்கொண்டே போனார்.
"இதுல ஏதாவது ஒண்ணு சைபரா?"
இல்லை மேடம்.
"எல்லாமே சைபரைவிடப் பெரிசு. போய்ச் சேர்ற இடம்?"
சைபர்.
"அப்ப அங்கே பெரிசா, சமமா?"
மின்விசிறி மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.
"அந்தக் கோடு அலங்காரம் இல்ல."

கௌரவ விரிவுரையாளருக்கு
பர்மனென்ட் ஆளைவிட அலட்டல் என்றான் பூவராகன்.
அமுதவல்லிக்கோ
சாக்பீஸ் தூசி படிந்த அந்தக் கறுப்புக் கைநுனிகூடப் பிடிக்கும்.
டெனிஸ் வாய் திறக்கமாட்டான்;
அவன் பரீட்சைக் கட்டணத்தில் குறைந்த ஐந்நூறை
யார் கட்டியது என்பது
ஆபீஸ் பியூன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.
எனக்குப் பயம். பயத்துக்கு அடியில்
கொஞ்சம் கோபம்.

"எப்சிலானை நீ கொடு, டெல்டாவை நான் தர்றேன்"
என்று அவர் தொடங்கிய நாள்
கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:
டெல்டா எங்ககிட்டயே இருக்கு மேடம்,
தண்ணிதான் வரல.
வகுப்பு குலுங்கியது. அவர் சிரிக்கவில்லை.
"வருஷா வருஷம் ஒருத்தன் இதைச் சொல்றான்.
அடுத்த வரி எழுது."

மார்ச்சில் கருத்துப் படிவம் வந்தது.
பெயர் எழுத வேண்டாம் என்றார்கள்.
'வேகம் அதிகம்' என்று எழுதினேன். அது என்னுடையது.
'மாணவர்களை மதிப்பதில்லை' என்றும் எழுதினேன்.
அது பூவராகன் தாளில் இருந்தது.
அதையும் பார்த்துத்தான் எழுதினேன்.

ஜூனில் கூத்தாநல்லூர் பஸ்ஸில் அவர் இறங்கவில்லை.
ஏப்ரலிலிருந்தே சம்பளம் வரவில்லை என்றார்கள்,
துபாய்க்குப் போய்விட்டார் என்றார்கள்,
படிவம்தான் காரணம் என்றும் சொன்னார்கள்.
எதற்கும் நிரூபணம் இல்லை.
நாற்பத்தொரு மார்க்கில் நான் பாஸ்.

இப்போது நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறேன்.
நேற்று மங்கையர்க்கரசியின் நாற்பத்துமூன்று மூட்டை.
குத்தகை நிலம், மூன்று நாளாய் வரிசையில்,
தார்ப்பாய்க்கு மேலே மேகம்.
ஈரப்பத மீட்டர் பதினேழில் நின்றது.
புள்ளிக்கு அப்புறம் சைபர்.

"பதினேழுக்குள்ள இருக்கணும்" என்றார் சூப்பர்வைசர்.
"திருப்பிக் காயவைக்கச் சொல்லு."

சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன்.
பதினேழு வரை, என்றிருந்தது.
வரைன்னா அதுவும் சேர்த்திதான் சார்.

"நீ என்னய்யா படிச்ச?"

மேத்ஸ் சார்.

"எத்தனை மார்க்?"

சொன்னேன். எடைக்காரர்கள் சிரித்தார்கள்.
சூப்பர்வைசர் இன்னொரு பிடி நெல்லை அள்ளி
மீட்டரில் கொட்டினார்.
பதினாறு புள்ளி ஒன்பது, பதினேழு,
மறுபடி பதினேழு.
டீ குடிச்சிட்டு வர்றேன் என்று போனார்,
சரியென்றும் சொல்லாமல், இல்லையென்றும் சொல்லாமல்.

முதல் தூறல் தார்ப்பாயில் விழுந்தது.
"தம்பி, தூக்கட்டுமா?" என்றாள் அவள்.

குறிப்பு என்ற கட்டம் அரை அங்குலம்தான்.
காரணம் எழுத இடமில்லை.
17.0 என்று எழுதி
அடியில் ஒரு கோடு போட்டேன்.
தூக்குங்க.